நரகாசுரன் ஆறு மணிக்குத்தான் சாக வேண்டும்

தமிழ்நாட்டில் நரகாசுரனை வதம் செய்யச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நேரம் காலை 6 முதல் 7 வரை. அதில் தப்பிவிட்டால் மாலை 7 முதல் 8 வரை இன்னொரு வாய்ப்பு. மிச்சமுள்ள 22 மணி நேரமும் அசுரன் காவல்துறைப் பாதுகாப்பில் இருக்கிறான்.

2018 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க உச்ச நீதிமன்றம் முதலில் கொடுத்த நேரம் இரவு 8 முதல் 10. டெல்லிப் புகையில் மூச்சுத் திணறிய மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் 2015-இல் அவர்களுடைய அப்பாக்கள் போட்ட வழக்கு அது. குழந்தைகள் கேட்டதில் தப்பே இல்லை. வடக்கே லட்சுமி பூஜை ராத்திரியில். ஆகவே ராத்திரி நேரம். நமக்கோ தீபாவளி விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, வெந்நீரை ஊற்றி, புதுத்துணி ஓரத்தில் மஞ்சள் தடவி உடுத்தி, முதல் வெடியைக் கொளுத்தும்போது கோழிகூடக் கூவியிருக்காது. இதை எடுத்துச் சொல்லத் தமிழக அரசு நீதிமன்றத்துக்குப் போனது. "சரி, நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது" என்ற அளவில் விட்டுக்கொடுத்தார்கள். எடுத்துவந்தார்கள் பாருங்கள் ஒரு நேரம்! காலை 6 மணி. ஊர் நாலரைக்கு வெடித்து முடித்து, இட்லிக்கும் கறிக்குழம்புக்கும் உட்கார்ந்துவிட்ட நேரம். வழக்கத்தைக் காப்பாற்றப் போனவர்கள், வழக்கம் முடிந்த பிறகு கடையைத் திறந்துவைத்தார்கள்.

இதை அறியாமை என்று நினைப்பவர்கள் நம் நிர்வாகத்தைக் குறைத்து எடைபோடுகிறார்கள். நாலரைக்கு வெடித்த அத்தனை பேரும் குற்றவாளிகள் என்றாகிவிட்டால் அதில் யாரை வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம். தீபாவளிக்கு மறுநாள் பேப்பரில் மாநகரம் வாரியாக, மாவட்டம் வாரியாக வழக்குகளின் எண்ணிக்கை வரும். காற்று எவ்வளவு சுத்தமானது என்று யாரும் கேட்பதில்லை. கேஸ் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். எண்ணிக்கை காட்ட ஆள் வேண்டும். சந்து முனையில் பிஜிலி வெடியை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொளுத்தும் பொடியனின் அப்பா அகப்படுவார். மேம்பாலத்துக்குக் கீழே காரை நிறுத்தி வானத்தில் ஐம்பது ஷாட் விடுகிறவர் அகப்படமாட்டார். அவர் காரில் கொடி இருக்கும்.

அடுத்து, பொதுமக்களுக்கான பாதுகாப்பு அறிவுரை. ஆண்டுதோறும் வருவது. பருத்தி ஆடை உடுத்துங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். குடிசைப் பகுதியில் ராக்கெட் விடாதீர்கள். புஸ்வாணம் எரியவில்லை என்றால் குனிந்து பார்க்காதீர்கள். ஒவ்வொன்றும் நியாயம். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் தீபாவளிக்கென்று தனியாகக் கட்டில் போட்டுக் காத்திருக்கும் மருத்துவர்களைக் கேட்டால், குனிந்து பார்த்தவர்களின் கதைகளை அவர்கள் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது, "சிறுவர்கள் பெரியவர்களின் மேற்பார்வையில் மட்டுமே வெடிக்க வேண்டும்" என்ற வரி. அந்தப் பெரியவரை அன்றைக்கு எங்கே தேடுவது? இதே அரசு நடத்தும் டாஸ்மாக் கடை தீபாவளியன்றும் பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கிறது. நிதானத்தோடு வெடிக்க மாலையில் ஒரு மணி நேரம். நிதானத்தை இழக்கப் பத்து மணி நேரம். ஒரே கோட்டையில் இரண்டு துறைகள் இவ்வளவு ஒத்துழைப்போடு இயங்குவதை வேறு எந்த விஷயத்திலும் நான் கண்டதில்லை.

சத்தத்துக்கும் அளவு உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. சரவெடி என்றால் கணக்கு இன்னும் சுவாரசியம். கோர்த்திருக்கும் வெடிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை கண்டுபிடித்து, அதை ஐந்தால் பெருக்கி, 125-இலிருந்து கழிக்க வேண்டும். ஆயிரம் வாலாவுக்கு 110. பத்தாயிரம் வாலாவுக்கு 105. விதியை எழுதியவர் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும். ஒரு கையில் லத்தி, மறுகையில் மடக்கை அட்டவணை, கக்கத்தில் அளவு நாடாவுடன் நம் ஏட்டய்யா புகைக்கு நடுவே நான்கு மீட்டரை அளந்து நிற்கும் காட்சியை மனக்கண்ணில் பார்த்தவர் யாரும் இந்த நாட்டில் சட்டத்தின் ஆட்சி இல்லை என்று சொல்லத் துணியமாட்டார்.

அந்தக் கணக்குக்குக்கூட இப்போது வேலையில்லை. சரவெடியையே 2018 தீர்ப்பு தடை செய்துவிட்டது. செய்யக் கூடாது, விற்கக் கூடாது, வெடிக்கக் கூடாது. பண்டிகை நாள், சாதாரண நாள் என்ற வித்தியாசமும் கிடையாது. இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்தால் அது உங்கள் குற்றமல்ல. தலைவர் ஊருக்குள் வரும் நாளில் பைபாஸ் திருப்பத்திலிருந்து திருமண மண்டபம் வரை நடுச்சாலையில் விரித்துவைத்த சிவப்புக் கம்பளம் துணியால் ஆனதா, வெடியால் ஆனதா? பட்டப்பகலில், ஆம்புலன்ஸ் நிற்கும் சாலையில், மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம் என்ற பலகைக்குக் கீழேயே அது வெடிக்கும். வெடித்து முடியும்வரை போக்குவரத்தை நிறுத்திப் பாதுகாப்புக் கொடுப்பவர் யார்? தீபாவளியன்று பொடியனின் அப்பாவைப் பிடித்த அதே ஆய்வாளர். இதில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, புதுக்கட்சி என்ற பேதமில்லை. தமிழகத்தின் எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் ஆதரிக்கும் கொள்கை ஒன்று உண்டென்றால் அது சரவெடிதான்.

நீதிமன்றத்துக்கு இது தெரியாமலில்லை. 2021 அக்டோபர் 29 உத்தரவில் கோபமாகவே சொன்னார்கள்: தடை செய்யப்பட்ட வெடி வெடித்தால் தலைமைச் செயலாளர், உள்துறைச் செயலாளர், ஆணையர், கண்காணிப்பாளர், அந்தக் காவல் நிலைய அதிகாரி வரை தனிப்பட்ட முறையில் பொறுப்பு. அப்படிப் பொறுப்பான ஒரு தலைமைச் செயலாளரின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் எனக்கும் சொல்லுங்கள். இணையத்தில் பட்டாசு விற்கவும் தடைதான். "சிவகாசி நேரடி விலை, 80 சதவீதம் தள்ளுபடி" என்று விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் ஆடி மாதமே வந்துவிடுகிறது. பணம் கட்டி ஏமாந்தவர் புகார் கொடுக்கப் போகும்போதுதான் அப்படி விற்பனையே கூடாது என்ற சட்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதுவரை சிரித்தாயிற்று. தற்காலிகப் பட்டாசுக் கடைக்கு 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் சொல்வதைக் கேளுங்கள்: எரியாத பொருளால் கட்டிய கொட்டகை, கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி, ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது, அருகே திறந்த விளக்கு கூடாது. நல்ல விதி. கடைத்தெருவில் பாத்திரக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் நடுவே, மேலே குடும்பம் குடியிருக்க, கீழே அடுக்கிய பெட்டிகளை நாம் எல்லோரும்தான் பார்க்கிறோம். 2009-இல் தீபாவளிக்கு முதல் நாள் பள்ளிப்பட்டில் பட்டாசுக் கடை பற்றி எரிந்து 32 பேர் போனார்கள். 2023 அக்டோபரில் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு கடை. கருகியவர்களில் பண்டிகைக்கு முன் நாலு காசு சேர்க்கப் போன தமிழ்நாட்டுப் பையன்கள் இருந்தார்கள், படித்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் காலை 6 முதல் 7 வரை என்ற நேரமெல்லாம் யாரும் ஒதுக்கவில்லை.

கடைக்கு முன்னால் ஆலை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய கேடி இருக்கிறான். பெயர் உராய்வு. எந்த விபத்துச் செய்தியை எடுத்தாலும் "மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது" என்று அவன்தான் வருகிறான். ஆலை உரிமத்தை ஒருவர் வைத்துக்கொண்டு அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டாரே, அவர் காரணமில்லை. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அதற்கு மேல் ஆளை உட்காரவைத்து, இடம் போதாமல் மரத்தடியில் பேன்சி ரகத்துக்கு மருந்து செலுத்தச் சொன்னாரே, அவரும் இல்லை. நேற்றுக் கலந்து மிஞ்சிய மருந்தை இன்று தொடவைத்த அவசரமும் இல்லை. இத்தனைக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போன ஆய்வு அதிகாரியும் இல்லை. உராய்வு ஒருவன்தான். அவன் ஒருநாளும் கைதாவதில்லை என்பதால் போர்மேனைப் பிடித்துப்போவார்கள். முதலாளி "தேடப்பட்டு வருகிறார்". முன்ஜாமீன் கிடைத்ததும் அவரே வந்துவிடுவார்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள்கூட இல்லை. தீயைக் கண்டு யாரையாவது இழுத்துப்போட முடியுமா என்று ஓடியவர்கள். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஆலை அது. நிறுத்திவைத்தது காகிதத்தில், மருந்து அறையில் வேலை நடந்தது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். அங்கே 20-க்கும் மேல். ஒவ்வொரு முறையும் இரங்கல், நிவாரணக் காசோலை, குழு, ஆய்வு, அப்புறம் ஆர்டர் நெருக்கடி. பெண்கள்தான் அந்த அறைகளில் பெரும்பாலும். இரண்டு லட்சமோ நான்கு லட்சமோ, அந்தக் காசோலையோடு அதிகாரி நின்று எடுத்துக்கொள்ளும் புகைப்படத்தில் அவர்களுடைய பிள்ளைகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார்கள்.

இனி தண்டனையைப் பார்ப்போம். நேரம் தவறி வெடித்துப் பிறருக்கு ஆபத்து உண்டாக்கினார் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவில் அந்தப் பொடியனின் அப்பா மீது நிரூபித்தால், ஓராண்டு வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம். விதியை மீறி வெடிபொருள் உற்பத்தி செய்தவர் மீது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தில் நிரூபித்தால்? மூன்றாண்டு வரை சிறை என்று எழுதிவிட்டு "அல்லது" போட்டிருக்கிறார்கள். அல்லது, 5000 ரூபாய் வரை அபராதம். சந்தில் திரி கொளுத்தியவருக்கும் ஆலையில் ஆளைக் கொளுத்தியவருக்கும் ரசீதில் ஒரே தொகை. விதியை மீறி விற்றவருக்கு இன்னும் சலுகை: 3000. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கிப்ட் பாக்ஸ் விலை. கொலைக்குற்றமாகாத மரணம் என்று வேறு பிரிவுகளிலும் வழக்குப் போடுகிறார்களே என்பீர்கள். போடுகிறார்கள்; அவை வாய்தாவில் இருக்கின்றன.

அடுத்த தீபாவளிக்கும் எண்ணிக்கை காட்டியாக வேண்டுமே என்று கவலைப்படும் ஆய்வாளர்களுக்கு என்னாலான உதவி. அதிகாலை நாலரைக்கு எழுந்து சந்து சந்தாக அலைய வேண்டாம். எந்தக் கட்சியின் மாவட்டச் செயலாளருக்காவது பிறந்தநாள் வரும். அல்லது புதுப்படம் வெளியாகும். பகல் பதினொரு மணிக்குப் போய் நின்றால் போதும். குற்றவாளிகள் தங்கள் பெயரையும் பொறுப்பையும் புகைப்படத்தையும் தாங்களே பேனரில் அச்சடித்துக் கட்டிவைத்திருப்பார்கள். தடை செய்யப்பட்ட பொருளும் ரோட்டில் நீளமாகக் கிடக்கும், அளவு நாடாகூட வேண்டாம். சாட்சிக்கு ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் டிரைவரும் வருவார்.