நாற்காலிக்கு வாடகை

இன்று காலை மூன்றாவது முறையாக அந்த ஓட்டல் என் கைபேசியில் விசாரித்திருக்கிறது: எங்களோடு தங்கிய அனுபவம் எப்படி இருந்தது? பக்கத்தில் கைகூப்பும் பொம்மை வேறு. புனேயிலிருந்து திரும்பிப் பதினோரு நாள் ஆகிறது, இடுப்பு இன்னும் நிமிரவில்லை. இந்த நிலைமையில் இருப்பவனிடம் அனுபவத்தைக் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டார்கள், சொல்கிறேன். முக்கியமாக அந்த வெந்நீர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன்.

மகள் ஹிஞ்சவடியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீட்டில் ஒரே படுக்கையறை. அதில் அவள், மாப்பிள்ளை, பேரன், பேரனின் சைக்கிள். "நீங்களும் அம்மாவும் ஹால்ல படுத்துக்கலாம்ப்பா" என்றாள். படுத்திருக்கலாம். நான்தான் மாப்பிள்ளை எதிரில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, "ரெண்டு நாள் பழைய புனேயில தங்கி வரலாம்னு இருக்கோம்மா, ஹெரிடேஜ் ஓட்டல் பாத்து வச்சிருக்கேன்" என்றேன். உண்மையில் அப்போது பார்த்து வைத்திருக்கவில்லை. அன்று ராத்திரிதான் பார்த்தேன். முற்றம், மரத்தூண், சங்கிலி ஊஞ்சல், தண்ணீர் நிரப்பிய பித்தளை உருளியில் செவ்வந்திப் பூ. உருளியில் பூ மிதந்தால் நமக்கெல்லாம் புத்தி எங்கே போகும் என்பது உங்களுக்கும் தெரியும். ஓர் இரவுக்கு 9,500 ரூபாய். வரி தனி.

பழைய புனே முழுக்கப் பேட்டைகள். சோம்வார் பேட்டை, புத்வார் பேட்டை, சனிவார் பேட்டை என்று கிழமைக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றில் பழைய வாடா ஒன்றுக்குச் சாயம் அடித்து ஓட்டலாக்கியிருந்தார்கள். எந்தப் பேட்டை என்று சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள், வேண்டாம். வாடா என்றால் நம் ஊர் முற்றத்து வீடுதான். நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், தேக்குத் தூண், உள்ளே பூஜை அறை.

மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நம்ம கும்மோணம் வீடு மாதிரியே இருக்குங்க."

"அதான அழகு."

"அதத்தான வித்தோம்?"

இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆண்மகன் தஞ்சை ஜில்லாவில் இல்லை. தரை ஜில்லிட்டால் அம்மாவுக்கு முழங்கால் வலி, மழைக்கு ஓடு ஒழுகுகிறது, கழிப்பறை கொல்லைக் கடைசியில் என்று காரணம் சொல்லித்தான் அந்த வீட்டை விற்றோம். ஒழுகாத அடுக்குமாடிக்குப் போனோம். இப்போது அதே ஜில்லிப்புக்கு 9,500 ரூபாய்.

மேலாளர் இளைஞர். கதர்க் குர்த்தா, நெற்றியில் சந்தனக் கீற்று. எங்கள் தஞ்சாவூரை 1676 முதல் 1855 வரை உங்கள் மராட்டியர்கள்தான் ஆண்டார்கள் என்று உடைந்த இந்தியில் எடுத்துச் சொன்னேன். அந்தப் பழக்கத்துக்கு ஏதாவது குறைப்பார் என்ற நப்பாசை. ரொம்ப மகிழ்ச்சி என்றார். குறைக்கவில்லை. கட்டடம் எப்போது கட்டியது என்று கேட்டதற்கு "ரொம்பப் பழசு" என்றார். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்கில் 1950க்கு முன்னால் கட்டிய வீடாக இருந்தாலே ஹெரிடேஜ் ஓட்டல் தகுதிக்கு மனுப் போடலாம். என் பெரிய மாமா 1941. அவரும் மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க முனகுகிறார், அவர் பக்கத்தில் படுக்க யாரும் காசு கொடுப்பதில்லை.

இப்போது நாற்காலி.

அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. ஈசிசேர். கருந்தேக்கு, பிரம்புப் பின்னல், காலை நீட்டிப் போட்டுக்கொள்ள இரண்டு பக்கமும் நீளமாக இழுத்துவிடும் கைகள். பயணக் களைப்பில் நேராக அதை நோக்கித்தான் போனேன். குறுக்கே ஒரு பட்டுக் கயிறு. கயிற்றில் ஒரு சின்ன அட்டை. ஆங்கிலத்தில், சாய்ந்த எழுத்தில், நாற்காலியே பேசுவது போல: எனக்கு வயது 120. தயவுசெய்து என்னை ஓய்வெடுக்க விடுங்கள்.

நான் படித்துக் காட்டினேன். "அதுக்கு நூத்தியிருபது, உங்களுக்கு அறுபத்திமூணு. பெரியவங்களுக்கு மரியாத குடுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி குளியலறைக்குப் போனாள். (அங்கேதான் வெந்நீர் விஷயம் ஆரம்பிக்கிறது. வருகிறேன்.)

புனே பலகைகளுக்குப் பேர்போன ஊர். 'புணேரி பாட்டி' என்பார்கள். நம் பாட்டி இல்லை, பாட்டி என்றால் மராத்தியில் அறிவிப்புப் பலகை. ஆனால் குணம் நம் பாட்டியுடையதுதான். மணியை ஒரு தடவை அடித்தால் போதும், உள்ளே இருப்பவர்களுக்குக் காது கேட்கும், இங்கே வண்டி நிறுத்தினால் காற்று இருக்காது, இந்த ரகம். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடையை மூடிவிட்டுத் தூங்கிய பிரபல மிட்டாய்க்காரர்களைப் பற்றி அந்த ஊர்க்காரர்களே தலைமுறை தலைமுறையாகக் கேலி பேசிப் பெருமைப்படுகிறார்கள். அசல் புணேரிப் பலகையாக இருந்தால் என்ன எழுதியிருக்கும்? 'கால் உடைந்தது. உட்கார்ந்தால் விழுவீர்கள். எழுப்பிவிட ஆள் இல்லை.' இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உண்மையைத் திட்டிச் சொல்கிற ஊரில் வந்து, பொய்யைக் கைகூப்பிச் சொல்கிற ஒரே கட்டடத்தில் பணம் கட்டியிருக்கிறேன்.

மேலாளரைக் கூப்பிட்டேன். பேஷ்வா காலத்து நாற்காலி சார் என்றார். (பேஷ்வாக்கள் புனேயிலிருந்து மராட்டிய ராஜ்யத்தை நடத்திய மந்திரிகள்.) 120 வருஷம் என்றால் 1905 வாக்கில் வருகிறது, பேஷ்வாக்கள் கதை 1818லேயே முடிந்துபோயிற்றே தம்பி என்றேன். அந்த ஸ்டைல் சார் என்றார். பேஷ்வாக்கள் மெத்தையில் திண்டு போட்டுச் சாய்ந்து தர்பார் நடத்தியவர்கள், ஈசிசேரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இல்லை என்றேன். 1961 வெள்ளத்தில் தப்பிப் பிழைத்த நாற்காலி சார் என்று கட்சி மாறினார். அந்த ஜூலை 12ஆம் தேதி பான்ஷேத் அணை உடைந்து ஆற்றோரப் பேட்டைகளில் எத்தனையோ வாடாக்கள் சரிந்தன. பார்த்தவர்கள் இன்னமும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் எதிரில் இந்தத் தம்பி இதைச் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

சரி, வேறு எங்கே உட்காருவது? கட்டில் நாலு தூண் கட்டில், ஏற மரப்படி. ஓரத்தில் உட்கார்ந்தால் சலூனில் பலகை போட்டு உட்கார வைத்த பையனைப் போல் கால் தொங்குகிறது. ஜன்னல் திண்ணையில் உருளி. முற்றத்து ஊஞ்சல் போட்டோவுக்கு மட்டும், ஒரு தடவைக்கு ஒருவர். தகரப் பெட்டி ஒன்று இருந்தது, அதற்கும் ஓர் அட்டை: நான் பல கடல்களைக் கண்டவன். கடைசியில் என் சொந்த சூட்கேஸின் மேல் உட்கார்ந்தேன். அதற்கு நாலு சக்கரம் என்பது எனக்கு நினைவில்லை. தரை மெருகேற்றிய கருங்கல். சூட்கேஸ் முற்றத்துப் பக்கம் போயிற்று. நான் போகவில்லை.

தரையில் கிடந்தபடி கணக்குப் போட்டேன். அறை பன்னிரண்டுக்குப் பதினைந்து, 180 சதுர அடி. நாற்காலி கையை நீட்டினால் மூன்றுக்கு ஆறு, 18 சதுர அடி. பத்தில் ஒரு பங்கு. ஆக, ஓர் இரவுக்கு 950 ரூபாய் நாற்காலி படுத்துத் தூங்குவதற்காக நான் கட்டும் வாடகை. இரண்டு இரவுக்கு 1,900. பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி.யோடு 2,242. உட்காராமல் இருக்க.

எங்கள் வீட்டிலும் இதே போல ஒன்று இருந்தது. தாத்தாவுடையது. அதே கருந்தேக்கு, அதே நீளக் கை. தாத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டு மிச்ச விரலை வலது கைக்கு அடியில் துடைப்பார். முப்பது வருஷச் சுண்ணாம்பு அங்கே பாறையாகப் படிந்திருந்தது. இடது கைக்கு அடியில் என் கைவரிசை. ஆறாம் வகுப்பில் ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிய அன்று காம்பஸ் முனையால் என் பெயரின் முதலெழுத்தைச் செதுக்கத் தொடங்கினேன். 'ரா'வில் 'ர' முடிந்து காலுக்கு வருவதற்குள் தாத்தா என் காதைப் பிடித்துவிட்டார். கால் இல்லாமலே நின்றுபோன எழுத்து அது. தாத்தா போனபின் 1986இல், வீட்டைக் காலி செய்தபோது, பழைய மரச்சாமான் வாங்குகிறவர் ஒருவர் அதை 175 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அம்மா அந்தப் பணத்தில் நைலான் ஒயர் பின்னிய மடக்கு நாற்காலி இரண்டு வாங்கினாள். அட்டையில்லாத நாற்காலிகள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

நம் ஊர்ச் சாமான்கள் எங்கே போகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகக் கடைகள்; செட்டிநாட்டு வீடுகளின் கதவு, தூண், மரப்பாச்சி எல்லாம் அங்கே வந்துதான் உலகத்துக்குப் போகின்றன. புனேயிலும் ஞாயிறு, புதன் கிழமைகளில் ஜுனா பஜார் கூடுகிறது. ஜுனா என்றால் பழசு. காரைக்குடிக்கும் ஜுனா பஜாருக்கும் நடுவில் முப்பத்தொன்பது வருஷமும் ஒரு லாரியும் போதாதா? படுத்தபடி இதை நினைத்ததும் தூக்கம் போய்விட்டது.

ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலின் மரப்படியில் இறங்கி, கைபேசி விளக்கைப் போட்டு, நாற்காலிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். வலது கைக்கு அடியில் தடவினேன். வார்னிஷ். இடது கைக்கு அடியில் தடவினேன். அங்கேயும் வார்னிஷ், ஓர் ஒட்டுத்தாள், அதில் எண் 14. பின்னங்கால் ஒன்றைத் தகடு வைத்து ஆணி அடித்திருந்தார்கள். நான் சொன்னேனே. அப்போது விளக்கு எரிந்தது.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நம்ம நாற்காலியான்னு பாத்தேன்."

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம்மளதா?" என்றாள். கேலி இல்லாமல்தான் கேட்டாள்.

"இல்ல."

"சரி, வந்து படுங்க."

விடிந்ததும் ஓட்டலின் 'பாரம்பரியக் காலை உணவை' (பித்தளைத் தட்டில் மூன்று கரண்டி அவல் உப்புமா, அதன் மேல் ஓர் இலை) முடித்துவிட்டு, பசியோடு தெருவுக்குப் போனேன். முனையில் அம்ருத்துல்ய டீக்கடை. பித்தளைப் பாத்திரத்தில் ஏலக்காயும் இஞ்சியும் பாலும் சேர்ந்து கொதிக்கிற, அந்த ஊருக்கே உரிய டீ. வாசலில் ஒரு மரப்பலகை. உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இருபது மணி நேரத்தில் நான் முறையாக உட்கார்ந்தது அப்போதுதான். எங்கே தங்கியிருக்கிறீர்கள், எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டார். பாதிதான் சொன்னேன். அப்படியும் அவர் கரண்டியை நிறுத்திவிட்டார்.

சனிவார் வாடாவுக்கும் போனோம். பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1732இல் கட்டி முடித்த அரண்மனை. 1828இல் தீப்பிடித்ததில் மதிலும் வாசல்களும் அடித்தளமும்தான் எஞ்சின. கட்டி முடிக்க ஆன மொத்தச் செலவு 16,110 ரூபாய் என்று சொல்கிறார்கள். என் பில்: இரண்டு இரவு 19,000, ஜி.எஸ்.டி. 3,420, ஆக 22,420. வாடகை 7,500க்குள் இருந்திருந்தால் வரி ஐந்து சதவீதம்தான். பேஷ்வாவிடம் இந்தத் தொகையைக் கொடுத்திருந்தால் அரண்மனையைக் கட்டிவிட்டு, மிச்சம் 6,310 ரூபாயில் எனக்கு உட்கார ஒரு நாற்காலியும் போட்டிருப்பார். அந்த ரூபாய் வேறு, இந்த ரூபாய் வேறு என்று மாப்பிள்ளை விளக்கினார். மாப்பிள்ளைகள் விளக்குவார்கள்.

ஊர் திரும்புவதற்கு முன்பே, உருளிக்குப் பக்கத்தில் நான் நிற்கிற படத்தை ஸ்டேட்டஸில் போட்டாகிவிட்டது. நீங்கள் மட்டும் போடாமலா இருந்திருப்பீர்கள்? அறுபத்தெட்டுப் பேர் பார்த்தார்கள். "அருமையான இடம், நம்பர் அனுப்பு" என்று பழைய ஆபீஸ் நண்பர் கேட்டார். அனுப்பினேன். நான் மட்டும் ஏன் விழ வேண்டும்?

வெந்நீர் விஷயம் விட்டுப்போயிற்று, அது இன்னொரு நாள். இப்போது இதைப் படிக்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நீங்களும் எங்கேயாவது இந்த மாதிரி இடத்தில் தங்கப்போகிறவர்கள்தான், எனக்குத் தெரியும். அறையில் நீளக் கை வைத்த ஈசிசேர் இருந்தால், குனிந்து வலது கைக்கு அடியில் தடவிப் பாருங்கள், சுண்ணாம்பு தட்டுப்படுகிறதா என்று. இடது கைக்கு அடியில் கால் இல்லாத ஒரு 'ர' இருக்கிறதா என்று. இரண்டும் இருந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, காலை நன்றாக நீட்டிப் போட்டு உட்காருங்கள். தாத்தா ஒன்றும் சொல்ல மாட்டார்.