குறுக்குப் பாதைக்காரர்

போடியில் டீக்கடைக்கு ஒருவராவது இப்படி இருப்பார். ரப்பர் செருப்பு, தோளில் துண்டு, கக்கத்தில் குடை. "போடிமெட்டுக்கு நடந்தே ஏறப்போறோம்" என்று வெளியூர்ப் பையன்கள் யாராவது வாய்விட்டுவிட்டால் போதும், பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

"ரோட்டு மேலயா தம்பி? வெளங்கும்!"

கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளாக மேலே ஏறுகிறது. அந்த 17-ஐயும் தனக்குச் செய்த அவமரியாதையாகவே அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு குறுக்குப் பாதை வைத்திருக்கிறார். அது பாதையா, மழைத்தண்ணீர் இறங்கிய தடமா என்பது ஏறி முடித்தவர்களுக்கே தெளிவாகத் தெரியாது.

தூரத்தை அவர் கிலோமீட்டரில் சொன்னதே கிடையாது. "இந்தா, அம்புட்டுத்தான்" என்றால் அரை மணி நேரம். "ஒரு எட்டு" என்றால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். "கொஞ்சம் ஏத்தமாத்தான் இருக்கும்" என்றால், சிக்னல் இருக்கும்போதே வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. பையன் ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பெரியப்பா, ஒம்பதாயிரம் ஸ்டெப் ஆச்சு" என்றான். "அது பாட்டுக்கு எண்ணட்டும். நீ நட."

மூச்சு வாங்க உட்கார்ந்தால் கதை ஆரம்பிக்கும். மூணாறு தேயிலை குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிய கதை. ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. "தேயிலப் பெட்டிக்குக் கம்பி கட்டுனான் வெள்ளக்காரன். நமக்கு எதுக்குக் கட்டப்போறான், நமக்குத்தான் காலு இருக்கே!" அவர் பிறப்பதற்கு முந்தைய சமாசாரம். சொல்கிற தோரணையில், பெட்டியோடு அவரும் தொங்கியிருப்பார் என்றே தோன்றும்.

பாதை ரோட்டைத் தொடும் இடத்தில் ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று திணறிக்கொண்டு திரும்பியது. தூக்குவாளியும் கையுமாக உள்ளே நெருக்கியடித்த பெண்கள். இவர் விடுவாரா? "இவளுக ஆத்தாவெல்லாம் சும்மாடு வச்சு, மூட்டையோட நடந்தே ஏறுனவளுக!"

ஜீப்புக்குள்ளிருந்து ஒரு குரல்: "எங்காத்தா ஆசப்பட்டா நடந்தா? ஜீப்பு இல்ல, நடந்தா. வாய மூடிட்டு ஏறும், எடமிருக்கு."

அடுத்த வளைவு வரை அவரிடம் பேச்சில்லை. என்னைக் கேட்டால், அன்று மலையில் பேசப்பட்டதிலேயே உருப்படியான பேச்சு அதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது காட்டுக்குள் கூட்டிப்போகச் சொன்னால் அவர் அசைய மாட்டார். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் கருகியது பக்கத்து மலையில்தான். அந்த மாதங்களில் அவர் வாயில் குறுக்குப் பாதை என்ற பேச்சே வராது.

மெட்டில் ஏறியதும் குளிர்காற்று, கேரளச் சோதனைச்சாவடி, சூடான டீ. பையன்கள் ஷூவைக் கழற்றிக் கொப்புளம் பார்த்துக்கொண்டிருக்க, மூணாற்றிலிருந்து போடி பஸ் வந்து நின்றது. முதலில் ஏறி டிரைவர் பக்கத்து சீட்டைப் பிடித்தவர் நம் ஆள்தான். இறக்கத்துக்கு முழங்கால் ஒத்துக்காதாம். முதல் வளைவிலேயே கையை நீட்டி, "இங்கன குறுக்கால விழுந்தா..." என்று ஆரம்பித்தார். இரண்டாவது, மூன்றாவது வளைவுகளிலும் அதே. நாலாவதில் டிரைவர் பிரேக்கை அழுத்தினார்.

"பெருசு, நீங்க எறங்கிக் குறுக்கால போயி முந்தல்ல நில்லுங்க. நான் வந்து ஏத்திக்கிறேன்."