எட்டப்பன் என்று வைத்தால் என்ன?

இனிமேல் எங்கள் குடும்பத்தில் பிறக்கிற குழந்தை எதுவானாலும், தன் பெயரைத் தானே உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பிறக்கட்டும். எனக்கு இதற்கு மேல் தெம்பு இல்லை.

அக்கா மகள் சரண்யாவுக்குப் பையன் பிறந்திருக்கிறான். தாயும் சேயும் நலம். மற்றவர்கள்தான் நலமில்லை. பிறந்த அன்றே வாட்ஸ்அப்பில் ‘குட்டிக்குப் பெயர்’ என்று ஒரு குழு முளைத்தது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா, தினமும் விடியற்காலையில் ரோஜாப்பூப் படம் மட்டும் அனுப்பிவிட்டு மறைந்துவிடும், யார் பக்கத்து உறவு என்றே தெரியாத ஓர் ஆசாமி, எல்லோரும் இருக்கிறார்கள். குழுவின் வேலை பெயர் சொல்வதல்ல. எந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்வது. நேற்று ராத்திரி நான் சொன்ன ஒரே ஒரு பெயரை இவர்கள் கூடி என்ன பாடு படுத்தினார்கள் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன்.

பையன் திருவாதிரை, மூன்றாம் பாதம். பஞ்சாங்கத்தில் திருவாதிரைக்கு கு, க, ங, ச என்று நாலு எழுத்து போட்டிருக்கிறது. மூன்றாம் பாதத்துக்கு ‘ங’. யோசித்துப் பாருங்கள். ஆத்திசூடியில் இந்த எழுத்து வந்து நின்றபோது ஔவையாரே வேறு வழியில்லாமல் எழுத்தின் உருவத்தைக் காட்டித்தான் ஒப்பேற்றினார். எங்கள் ஜோசியர் அசரவில்லை. “பக்கத்துப் பாதத்துலேருந்து எடுத்துக்கலாம், தோஷமில்லை” என்று கட்டணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆக, ‘க’. கண்ணன் என்றார் அக்கா. மாப்பிள்ளையின் ஆபீஸில் லீவு தராத மேனேஜர் பெயர் கண்ணன், அடிபட்டது. கதிரவன் என்றேன். சரண்யாவோடு பத்தாவது படித்த எவனோ ஒரு கதிரவன் அவள் ரெக்கார்டு நோட்டைத் தொலைத்தானாம், அடிபட்டது. கபிலன் என்று ஒரு பையன் எதிர் ஃபிளாட்டில் இருக்கிறான், சைக்கிள் டயர்களில் காற்றைப் பிடுங்குகிறவன். தமிழில் இவ்வளவு பெயர்கள் இருந்தும், ஒவ்வொன்றிலும் இவர்களுக்குப் பிடிக்காத ஓர் ஆள் ஏற்கெனவே குடியேறியிருக்கிறான். வாழ்நாளில் ஒரு நல்லவரைக்கூடப் பார்க்காத குடும்பமா இது?

கடைசியில் கர்ணன் என்றேன். கொடைவள்ளல், அழகன், பெயரிலும் ஒரு கம்பீரம். சம்பந்தி அம்மா உடனே குரல் பதிவு அனுப்பினார்: “பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா சிவாஜி கடைசியில செத்துப்போயிடுவாரே!”

இங்கேதான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மகாபாரதத்தில் சாகாதவர் யார்? ஆனால் நம் ஆட்களுக்கு மகாபாரதம் வியாசர் எழுதியதல்ல, 1964-இல் ரிலீஸ் ஆனது. அந்தப் படம் வந்ததால்தான் துரியோதனன் பக்கம் நின்று அம்பு விட்ட கர்ணனை ஊரே பிள்ளைக்குப் பெயராக வைக்கிறது. சோறு போட்ட துரியோதனன் பெயரை வைப்பாரில்லை. பக்கத்தில் கேரளத்தில், கொல்லம் மாவட்டத்து மலநடையில், துரியோதனனுக்குக் கோயிலே இருக்கிறது. நம்மூரில் ஓர் எல்கேஜி அட்மிஷன்கூட இல்லை.

ராமாயணத்துக்கு வாருங்கள். மேகநாதன் என்று நம் ஊரில் எத்தனை பேர்! வங்கியில், ரேஷன் கடையில், ரிஜிஸ்திரார் ஆபீஸில். மேகநாதன் யார்? ராவணன் பெற்ற பிள்ளை. லட்சுமணனை நாகபாசத்தால் கட்டிப் போட்டவன். அவன் பெயர் பரவாயில்லையாம், அப்பன் பெயர்தான் ஆகாதாம். இந்திரஜித்தும் அவனேதான். ஒரே ஆளை இரண்டு பெயரில் வைத்துக்கொண்டு, பெற்றவனை வாசலில் நிறுத்திவிட்டோம். 2010-இல் ‘ராவணன்’ என்றே படம் எடுத்த மணிரத்னம்கூடக் கதாநாயகனுக்கு வீரய்யா என்றுதான் பெயர் வைத்தார். திராவிட இயக்கக் குடும்பங்களில் சிலர் மட்டும் துணிந்து வைத்தார்கள். அவர்கள் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு. ‘இராவண காவியம்’ பாடியவரின் பெயர் புலவர் குழந்தை. அந்தக் காலத்தில் எவ்வளவு நிம்மதி பாருங்கள். குழந்தைக்குக் குழந்தை என்றே பெயர் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

சரி, ராவணன் கெட்டவன், விட்டுவிடுவோம். விபீஷணன் என்ன செய்தான்? தர்மத்தின் பக்கம் வந்தான். ராமரே பட்டம் கட்டினார். வைஷ்ணவர்கள் அவனை விபீஷணாழ்வான் என்றே கொண்டாடுகிறார்கள். ஸ்ரீரங்கத்துப் பெருமாள் இங்கே பள்ளிகொண்டிருப்பதே அவன் கொண்டுவந்து இறக்கி வைத்ததால்தான் என்பது தலபுராணம். இவ்வளவு சிபாரிசு இருந்தும் அந்தப் பெயரில் ஒரு பையனை நான் பார்த்ததில்லை. எதிரியைக்கூட மன்னிப்போம், வீட்டு ரகசியத்தை வெளியே சொன்னவனை மாட்டோம். எட்டப்பன் கதையும் இதுதான். அது எட்டயபுரம் ஜமீன்தார்கள் தலைமுறை தலைமுறையாகச் சூடிக்கொண்ட பட்டப் பெயர். பாரதி பிறந்த ஊர். 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்தது. அதோடு அந்தப் பெயர் திட்டுவதற்கு மட்டும் என்று முடிவாகிவிட்டது. நாளைக்கு ஒரு தாய் தொட்டிலை ஆட்டிக்கொண்டு “எட்டப்பா, கண்ணு, தூங்கு” என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?

சிலப்பதிகாரத்தையும் பார்த்துவிடலாம், வந்தது வந்துவிட்டோம். கண்ணகி உண்டு. மாதவி தெருவுக்குத் தெரு உண்டு. மணிமேகலை உண்டு. கோவலன்? அத்தனை பெண்களின் கதைக்கும் காரணமான ஆள் பெயரை ஒருவரும் தொடுவதில்லை. இது ஒன்றில் மட்டும் ஊர் சரியாகத் தீர்ப்புச் சொல்லியிருப்பதாக அக்கா கருதுகிறார். அத்திம்பேர் பக்கத்தில் இருக்கும்போது சொன்னார்.

சினிமா கெடுத்த பெயர்களை எழுதப் புகுந்தால் இந்த இதழ் போதாது. நீலாம்பரி என்பது தாலாட்டுக்கென்றே நேர்ந்துவிட்ட ராகம். தூங்க வைக்கும் அந்தப் பெயருக்கு 1999-இல் ‘படையப்பா’ வந்தது. வில்லி ரம்யா கிருஷ்ணன் எதிரில் ரஜினி ஊஞ்சலை இழுத்து இறக்கி உட்காருவதற்குள் அந்தப் பெயரின் ஆயுள் முடிந்துவிட்டது. பாவம், புயல் கெடுத்த வர்தாவுக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. 2016 டிசம்பரில் ஒரே நாளில் சென்னையின் மரங்களோடு சேர்ந்து அதுவும் சாய்ந்தது.

என் பெயருக்கு, அதாவது நான் சொன்ன பெயருக்கு, வருகிறேன். அதற்கு முன் பழைய பெயர்கள் பற்றி மாப்பிள்ளை அடித்த ஒரு கமெண்டுக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. “மாமா சொல்ற பேரெல்லாம் குப்பன் சுப்பன் ரேஞ்சுல இருக்கு” என்று எழுதி, பக்கத்தில் கண்ணீர் விட்டுச் சிரிக்கும் பொம்மை வேறு போட்டிருந்தார்.

குப்பன் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா மாப்பிள்ளை? முன்னே பிறந்த பிள்ளைகள் தங்காமல் போய்விட்டால், அடுத்ததைக் கொண்டுபோய்க் குப்பை மேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பன், குப்பம்மாள் என்று வைப்பார்கள். பிச்சை என்று வைப்பார்கள். அண்டை வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவார்கள். எமன் வந்து பார்த்தால் ‘சீ, இது யாருக்கு வேண்டும்’ என்று போய்விட வேண்டும். பிள்ளை பிழைத்தால் போதும் என்று நெஞ்சு பதறியவர்கள் வைத்த பெயர் அது. நீங்கள் பெயர் தேடும் கூகுளுக்கு 2015-இலிருந்து தலைவர் யார்? பிச்சை. பிச்சையிடமே போய், பிச்சை மாதிரி இல்லாத பெயராகக் காட்டு என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

முனியாண்டியும் அப்படித்தான். மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் ஊர் ஊராகப் போய் அந்தச் சாமி பெயரில் ஹோட்டல் போட்டார்கள். வருஷா வருஷம் ஊரில் கூடி, கோயிலில் பிரியாணி ஆக்கிப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். முனியாண்டி விலாஸில் மட்டன் சுக்கா சாப்பிட்டு விரலைச் சூப்புவார்கள். பையனுக்கு மட்டும் ரித்விக், ஜித்விக், ஹ்ருத்விக். மூன்றையும் பார்க்கில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள், விக்கல் என்று யாராவது தண்ணீர் கொண்டுவருவார்கள்.

உண்மையில் வைக்கவே கூடாத பெயர்கள் இரண்டு உண்டு, அவற்றை இந்தக் குழுவில் எவரும் சொல்லவில்லை. திருத்தணிப் பக்கக் கிராமங்களில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் ‘வேண்டாம்’ என்று வைத்திருக்கிறார்கள். தெற்கே ‘போதும்பொண்ணு’. பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் டீச்சர் கூப்பிட, எழுந்து நின்று “உள்ளேன் ஐயா” சொல்ல வேண்டும். பெண் குழந்தைக்குச் சேர்க்கக் கூடாத எண் எது என்று நியூமராலஜிக்காரரைக் கேட்கும் ஊரில், இதை யாரும் யாரையும் கேட்கவில்லை. சரி, விடுங்கள். எனக்கு ரத்த அழுத்த மாத்திரை போடும் நேரம்.

நேற்று ராத்திரி விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தி வீட்டுக் குலதெய்வம் ரங்கநாதர். எழுத்தாவது பாதமாவது, ரங்கன் என்று வைத்துவிடுவோம் என்றார் சம்பந்தி. முதல் தடவையாகக் குழுவில் கட்டைவிரல்கள் மளமளவென்று நிமிர்ந்தன. ரோஜாப்பூ ஆசாமிகூட ராத்திரியில் ஒரு பூ போட்டார். அப்போது எட்டாவது படிக்கிற ஒரு வாண்டு கேட்டது: “இனிஷியலோட எழுதிப் பாத்தீங்களா?” இனிஷியலையும் தமிழில்தான் எழுத வேண்டும் என்று 2021-இல் அரசாணை வந்திருக்கிறது அல்லவா, அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பெயர் குமரேசன். எழுதிப் பார்த்தார்கள்.

கு. ரங்கன்.

அரைமணி நேரம் குழுவில் சத்தமே இல்லை. அப்பா மூர்த்தியாக இருந்து மகளுக்குத் தேவி என்று வைத்தால் என்ன ஆகும் என்று அந்த வாண்டு அடுத்து ஆரம்பித்ததும் அதனிடமிருந்து போனைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த அமைதியில்தான் நான் என் பெயரைப் போட்டேன். மூன்றெழுத்து, நல்ல தமிழ், எந்த வில்லனும் இல்லை, எந்தப் புயலும் இல்லை, இனிஷியல் போட்டுப் பார்த்தும் பழுதில்லை. இரண்டு நீல டிக் விழுந்தது. பதிலில்லை. பிறகு, ‘அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்’ என்று வந்தது.

அந்தப் பெயரை இங்கேயும் சொல்வதாக இல்லை. உங்கள் வீட்டிலும் ஒரு குழு இருக்கும், உங்களுக்கும் அந்தப் பெயரில் ஒரு மேனேஜர் இருப்பார்.

அவசரமும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். தாமதக் கட்டணம் கட்டினால் 15 வயது வரை தவணை உண்டு. அதற்குள் பையனுக்கு மீசை அரும்பிவிடும், நேரில் வந்து பேசிக்கொள்ளட்டும். இப்போதைக்கு அவன் தடுப்பூசி அட்டையில் ‘பேபி ஆஃப் சரண்யா’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் எழுத்துகளை எண்கணிதப்படி கூட்டிப் பார்த்தால் எட்டு வருகிறதாம். எட்டு சனியின் எண். நர்ஸிடம் சொல்லி நடுவில் இன்னொரு ‘ஏ’ போட்டு வாங்க முடியுமா என்று அமெரிக்காச் சித்தப்பா கேட்டிருக்கிறார். அவர் அட்மின்.