எருமப்பட்டி வட்டார ஒலிப்பதிவுக் கூடங்களில் ஸ்டீரியோ பஸ் கம்ப்ரசர் தேர்வு: ஒரு சமூக, பொருளாதார, ஊசியியல் நோக்கு

நாமக்கல்லுக்குக் கிழக்கே, கொல்லிமலையைப் பார்த்தபடி இருக்கும் எருமப்பட்டியில் ஆய்வு செய்யப் புகுகிறவருக்குக் கோழிப்பண்ணை, சின்ன வெங்காயம், சல்லிக்கட்டு என்று தலைப்புகள் தயாராக இருக்கின்றன. எவரும் கை வைக்காமல் மீந்திருப்பது ஒன்றுதான். மொட்டைமாடி அறையில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் ஓர் இளைஞர், கையைக் கடிக்காத விலையில் எந்த ஸ்டீரியோ பஸ் கம்ப்ரசரை வாங்க வேண்டும்? தமிழ் ஆய்வுலகம் இந்த வினாவின் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். போக்கியபின் புதிய குறைகள் முளைத்தால் அவை முனைவர் பட்ட மாணவர்களுக்கு.

ஆய்வு எல்லை

நாமக்கல் மாவட்டத்தில் கம்ப்ரசர் என்று கேட்டால் வழிகாட்டப் பலர் வருவார்கள். லாரிகளின் ஏர் பிரேக் கம்ப்ரசர், பஞ்சர் கடைக் கம்ப்ரசர், திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுக்கப் போகும் போர்வெல் வண்டிகளின் கம்ப்ரசர் ஆகியவை இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவை காற்றை அமுக்குபவை. நம்முடையது சத்தத்தை அமுக்குவது.

எடுத்துக்கொண்ட கூடம் ஆய்வுக்காகக் கற்பனையில் கட்டப்பட்ட மாதிரிக் கூடம். இது தம் மைத்துனன் கூடம்தான் என்று யாராவது அடையாளம் கண்டால் ஆய்வாளர் மறுக்கப் போவதில்லை. அங்கே மாரியம்மன் பண்டிகைப் பாட்டு பதிவாகும். பம்பையும் உடுக்கையும் வரும். ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி, புதிதாகத் திறக்கும் பேக்கரி, தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்கும் ஒரே மெட்டு, நடுநடுவே கண்ணீர் அஞ்சலி. சுவரெங்கும் முட்டை அட்டை. இது பற்றிப் பிறகு.

இலக்கியச் சான்று

ஒரு பாட்டில் குரல், பம்பை, உடுக்கை, கீபோர்டு எல்லாம் தனித்தனித் தடங்களில் இருக்கும். கடைசியில் எல்லாம் சேர்ந்து இடம், வலம் என்று இரண்டே தடமாகும் இடம்தான் மிக்ஸ் பஸ். அங்கே உட்கார்ந்து மொத்தப் பாட்டையும் ஒரே பிடியில் பிடிப்பது பஸ் கம்ப்ரசர். சத்தம் ஓர் எல்லைக் கோட்டைத் தாண்டினால், தாண்டிய அளவை மட்டும் குறைக்கும். 4:1 என்று வைத்தால், கோட்டுக்கு மேல் 4 டெசிபல் போனது 1 டெசிபலாக வெளியே வரும்.

இதற்கான மிகப் பழைய சான்று எருமப்பட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே கிடைக்கிறது. புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர், கொல்லிமலை வல்வில் ஓரியின் வேட்டையைச் சொல்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. உரையாசிரியர்கள் இதை வில்லாண்மை என்று விட்டுவிட்டார்கள். இது பஸ் கம்ப்ரஷன் என்பது இவ்வாய்வாளர் துணிபு.

எப்படியெனில், யானைக்கு விட்ட அம்பு உடும்பையும் விடுவதில்லை. பாட்டில் பெரிய மேளம் ஒரு தடவை 'தொம்' என்று இறங்கினால், கோட்டைத் தாண்டியது மேளம் மட்டும்தான். ஆனால் கம்ப்ரசர் அந்த நொடியில் குரலையும் சேர்த்துத்தான் இறக்கும். பாடகி பாவம், உடும்பு. மேளம் விழும்போதெல்லாம் குரல் உள்ளே போய் வெளியே வரும். நல்ல பெட்டிகளில் இதற்கென ஒரு வடிகட்டி உண்டு. கம்ப்ரசர் எதைக் கேட்டு முடிவெடுக்கிறதோ அந்தப் பக்கவழியில் அடி ஒலிகளை மட்டும் நிறுத்திவிடும். யானையைக் கண்டும் காணாதது போல் இருக்கும் வில் என்க. பம்பைப் பாட்டு எடுக்கிறவர் இந்த வசதி இல்லாத பெட்டியை வாங்கும்முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

இரட்டைப் பிணைப்பு

பம்பை இடது பக்கம், உடுக்கை வலது பக்கம், பாடகி நடுவில். இரண்டு தனிக் கம்ப்ரசர்களை ஒன்றோடொன்று பிணைக்காமல் போட்டால் பம்பை ஓங்கும்போது இடப்பக்கம் மட்டும் இறங்கும். நடுவில் நிற்கும் பாடகி வலப்பக்கம் நகர்வார். உடுக்கை ஓங்கினால் திரும்பி வருவார். கேட்பவருக்குச் சாமி வந்துவிட்டதாகத் தோன்றலாம். ஸ்டீரியோ கம்ப்ரசர் என்பதன் முழுப்பொருள் இதுதான்: எந்தப் பக்கம் ஓங்கினாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்க வேண்டும். பழைய சாமான் விற்பவர் ஒற்றைப் பெட்டி இரண்டைக் காட்டி "ஜோடிங்க" என்றால், பின்பக்கம் பிணைப்புக்கான துளை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கவும்.

அட்டாக் என்ற குமிழைப் பற்றியும் ஒரு சொல். பம்பையில் குச்சி விழுந்த கணத்திலேயே அமுக்கினால் அடி சப்பென்று போய்விடும். 30 மில்லி நொடி பொறுத்து அமுக்கினால் அடி தப்பித்து, அதன் வால் மட்டும் மாட்டும். 30 மில்லி நொடியில் ஒலி ஏறக்குறைய 10 மீட்டர் போகும். பம்பைக்காரர் அடித்தது எதிர்வீட்டுத் திண்ணைக்குக் கேட்கும் நேரம்வரை பொறுமை காப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

குல வரலாறு

ஆதியில் ஃபேர்சைல்டு 670 இருந்தது. எஸ்தோனியாவில் பிறந்த ரைன் நார்மா அமெரிக்காவில் வடிவமைத்தது. 20 வால்வுகள், எடை ஏறக்குறைய 30 கிலோ. டவுன் பஸ்ஸில் ஏற்றினால் லக்கேஜ் டிக்கெட் கேட்பார்கள். பிறகு டேவிட் பிளாக்மர் 1971-ல் டிபிஎக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மின்னழுத்தத்தால் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் விசிஏ சுற்றை அவர் துல்லியமாக்கியதால் வால்வுக்கு வேலை இல்லாமல் போயிற்று. காலின் சாண்டர்ஸ் 1969-ல் இங்கிலாந்தில் தொடங்கிய எஸ்எஸ்எல் நிறுவனம், தன் 4000 வரிசை மிக்ஸிங் மேசையின் நடுவிலேயே விசிஏ கம்ப்ரசர் ஒன்றைப் பதித்தது. 2, 4, 10 என்று மூன்றே விகிதம், அட்டாக் 0.1 முதல் 30 மில்லி நொடி வரை. பிடியை விடும் நேரமான ரிலீஸில் கடைசியாக 'ஆட்டோ'. இன்று பஸ் கம்ப்ரசர் என்று விற்கப்படுவனவற்றில் பாதி இதன் பேரப்பிள்ளைகள். டென்மார்க்கின் கிராஃப் ஆடியோ இதைத் தழுவிய சுற்று வரைபடத்தைத் தாமே செய்துகொள்வோருக்காக வெளியிட்டது. ஊரில் சால்டர் பிடிக்கத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் மிச்சமிருந்தால் அவரிடம் காட்டலாம்.

சேலம் தொடர்பு இல்லாத ஆய்வு இம்மண்டலத்தில் நிறைவு பெறாது. 1937-ல் 'சதி அகல்யா' எடுத்துத் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட படம் தயாரித்த மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், நெசவுத் தொழில் படிக்கப் போனது யார்க்‌ஷயரின் லீட்ஸுக்கு. ஊசி முள் வைத்த ஸ்டீரியோ கம்ப்ரசர் செய்யும் டிராமர் நிறுவனம் இருப்பது அதே யார்க்‌ஷயரின் ராதர்ஹாமில். இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்றால், எதற்கும் வர முடியாது. ஆயினும் இவ்விரு தகவல்களையும் ஒரே பத்தியில் வைக்காத ஆய்வை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது.

பொருளாதாரம்

சிக்கனப் பெட்டிகளில் மூவரைச் சொல்ல வேண்டும். அலெசிஸ் 3630 இப்போது பழைய சந்தையில்தான் கிடைக்கும். ஒலிப் பண்டிதர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், ஆனால் பிரெஞ்சு மின்னிசை இரட்டையர் டாஃப்ட் பங்க் இதை வைத்துத்தான் உலகத்தை ஆடவிட்டார்கள். டெக்சாஸில் பிறந்த எஃப்எம்ஆர் ஆர்என்சி 1773 கைக்கு அடக்கமானது, 200 டாலருக்கும் குறைவாக வந்தது. ஒரே குமிழ்த் தொகுதி இரண்டு பக்கத்தையும் சேர்த்தே ஆளும். மூன்று கம்ப்ரசர்கள் வரிசையாக நின்று ஆளுக்குக் கொஞ்சம் அமுக்குவது போல் வேலை செய்யும் மென்முறை ஒன்றும் உண்டு. காதை மட்டும் கேட்டால் கொடுத்த காசுக்கு இதை மிஞ்சுவது கடினம். மூன்றாவது, வார்ம் ஆடியோவின் பஸ்-காம்ப். எஸ்எஸ்எல் வழிவந்தது, பக்கவழி வடிகட்டி உண்டு, முகப்பில் வெளிச்சம் போட்ட முள்ளும் உண்டு. விலை ஆர்என்சியைப் போலச் சில மடங்கு. சுங்கவரி சேர்ந்தால் வீட்டில் சொல்ல முடியாத தொகை.

மறைமுகச் செலவுகளைப் பலரும் எண்ணுவதில்லை. கணினியிலிருந்து பாட்டு வெளியே போய்ப் பெட்டிக்குள் நுழைந்து திரும்பி வர வேண்டும். இந்தப் போக்குவரத்தை நடத்தும் இன்டர்ஃபேஸில் இரண்டே அவுட் என்றால் அவை ஸ்பீக்கருக்கே சரியாகிவிடும். கம்ப்ரசருக்கும் சேர்த்துக் குறைந்தது நான்கு அவுட் வேண்டும். ஆக, பெட்டி வாங்கியவர் இன்டர்ஃபேஸும் மாற்றுவார். அமெரிக்காவிலிருந்து வரும் பழைய பெட்டி 115 வோல்ட் மின்சாரம் தின்று வளர்ந்தது. நம் 230-ஐ நேரே கொடுத்தால் முதல் கம்ப்ரஷன் புகையாக வெளிவரும்.

முட்டை அட்டைக்கு வருவோம். நாமக்கல்லில் அது மலிவு என்பதால் சுவருக்குச் சுவர் ஒட்டுகிறார்கள். காகிதக் கூழாலான அந்த மெல்லிய அட்டை உச்ச ஒலிகளைக் கொஞ்சம் கலைக்கும். மேளத்தின் அடி ஒலியைத் தொடவே தொடாது. அறை பொய் சொல்லும்போது அதைக் கேட்டு எந்தக் கம்ப்ரசரைத் திருகினாலும் குத்துமதிப்புதான். முதல் பணம் மூலைகளில் ஒலியை உறிஞ்சும் கனமான ராக்வூல் பலகை வைக்கப் போக வேண்டும். இதைச் சொன்னால் கூடக்காரர்கள் முகம் வாடுகிறது. ராக்வூலுக்குக் குமிழ் கிடையாது.

ஊசியியல்

இங்கேதான் ஆய்வு தன் மையத்தை அடைகிறது. கணினிக்குள்ளேயே இதே கம்ப்ரசர்களின் மென்பொருள் வடிவங்கள் கிடைக்கின்றன. 2 டெசிபல் அமுக்கத்தில் பெட்டிக்கும் மென்பொருளுக்கும் வேறுபாட்டைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லக்கூடிய காது அபூர்வம். அப்படியிருந்தும் பெட்டி ஏன் வாங்கப்படுகிறது? களத்தில் பதிவான உரையாடல் வருமாறு. பேசுபவர்கள் பண்டிகைக் கமிட்டிக்காரர் ஒருவரும் கூடக்காரரும்.

"ஏனுங்க தம்பி, அதென்னுங்க அந்த முள்ளு ஆடுது?"

"அதானுங்கண்ணா கம்ப்ரசரு."

"அப்படிங்களா. அப்ப இன்னுங்கொஞ்சம் நல்லா ஆட உடுங்க."

கவனிக்க வேண்டியது: அந்த முள் காட்டுவது எவ்வளவு சத்தம் குறைக்கப்படுகிறது என்பதை. அது சாயச் சாயப் பாட்டின் உச்சங்கள் வெட்டுப்படுகின்றன. கமிட்டிக்காரர் கண்ணுக்கோ சத்தம் ஏறுகிறது. குறைப்பைக் காட்டும் கருவிக்குக் கூட்டுவதற்கான கூலி கிடைக்கும் தொழில் வேறு எதுவும் ஆய்வாளருக்குத் தெரியவில்லை. முள் ஆடத் தொடங்கிய பிறகு பேரமும் படிகிறது. மென்பொருள் இதைச் செய்யாது. திரையில் ஆடும் முள்ளைக் கண்டால் "கேம் விளையாடறீங்களா தம்பி" என்கிறார்கள். ஆர்என்சியும் இங்கே தோற்கிறது. சின்ன விளக்குகள் எரியும் அந்தப் பெட்டியைக் கேபிள் டிவி பெட்டி என்றே நினைக்கிறார்கள்.

இனி பாட்டு போய்ச் சேரும் இடம். ஆட்டோ மேல் இரண்டு புனல் குழாய். ஒன்று முன்னே பார்க்கும், ஒன்று பின்னே பார்க்கும். நடுவில் ஒற்றைத் தட அகுஜா ஆம்ப்ளிஃபயர். இடமும் வலமும் அதற்குள் ஒன்றாகி, எருமப்பட்டி ஸ்டீரியோ முன்னும் பின்னுமாக வெளிவருகிறது. புனல் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வாய் திறக்காது என்பதால் யானை ஆட்டோவில் ஏறுவதே இல்லை. ஆனால் கம்ப்ரஷனின் முழுப் பயன் கிடைப்பதும் இங்கேதான். உச்சங்கள் மட்டுப்பட்டு எல்லாச் சொல்லும் ஒரே உயரத்தில் நின்றால்தான், லாரி போகும் ரோட்டில் "ஐம்பது சதவீதம்" என்பது காதில் விழும்.

பரிந்துரை

ராக்வூல் முதலில். பிறகு நான்கு அவுட் உள்ள இன்டர்ஃபேஸ். பிறகு ஆர்என்சி, 4:1-க்குள், மெதுவான அட்டாக், இரண்டு மூன்று டெசிபலுக்கு மேல் அமுக்க வேண்டாம். அதற்குப் பக்கவழி வடிகட்டி கிடையாது. ஆகவே கோட்டை மேளம் கொஞ்சமே தாண்டும் உயரத்தில் வைக்கவும். முள் பிரச்சினைக்கு உள்ளூரிலேயே தீர்வு உண்டு. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் 19 அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரத்தில் ஒரு தகடு வெட்டச் சொல்லவும். அதன் நடுவில் மஞ்சள் பல்பு எரியும் பெரிய வியூ மீட்டர் இரண்டைப் பதித்து, அவுட்டிலிருந்து ஒரு வயர் கொடுக்கவும். ஆர்என்சியை அதன் பின்னால் மறைத்து வைக்கலாம். முள் உண்மையாகவே சத்தத்தைக் காட்டும். ஆகவே கமிட்டிக்காரர் சொன்னதும் சரியாகிவிடும்.

தகட்டின் மேல் என்ன எழுதுவது என்பதில் மட்டும் பட்டறைப் பெயின்டரும் ஆய்வாளரும் உடன்படவில்லை. 'ஸ்டீரியோ பஸ் கம்ப்ரசர்' என்றால் எழுத்து நிறையப் போகிறதாம், எழுத்துக்கு எழுத்து காசாம். 'ஹாரன் அடிக்கவும்' என்பதற்கு அவரிடம் அச்சு தயாராக இருக்கிறது, அதை வேண்டுமானால் சும்மா போட்டுத் தருகிறேன் என்கிறார்.