கோர்ட்டுக்குப் போன வெண்கலம்

கலையும் அறிவியலும் கைகோக்க வேண்டுமாம். சூடு பட்டால் குணம் மாறும் நாளைய பொருள்களை ஓவியரும் விஞ்ஞானியும் சேர்ந்து உருவாக்க வேண்டுமாம். குளிரூட்டிய அரங்கில் பேசுகிறார்கள். குத்துவிளக்கு. பொன்னாடை. புரிந்துணர்வு ஒப்பந்தம். மதிய விருந்து. கலைகிறார்கள்.

இந்தச் சங்கதி ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், ஆதிச்சநல்லூர் பரம்பில் எப்போதோ முடிந்துவிட்டது. அதை அவர்களிடம் யார் சொல்வது?

அங்கே முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த வெண்கலக் கிண்ணங்களைப் பாருங்கள். செம்போடு நூற்றுக்கு 23 பங்கு அளவில் வெள்ளீயம். இந்தக் கலவையை வார்த்து, மெல்ல ஆறவிட்டு, ஒரு தட்டு தட்டினால் கண்ணாடியாக நொறுங்கும். செந்தணலில் இருக்கும்போதோ அடித்த பக்கம் வளையும். அந்தச் சூடு தணியுமுன் அடித்து மெலித்து, சட்டென்று தண்ணீரில் முக்கிவிட வேண்டும். நொறுங்கும் குணம் தலைதூக்கவே அவகாசம் இருக்காது. பொன்னிறம் வரும். சுண்டினால் மணியோசை கேட்கும். செய்தவன் கலைஞனா, விஞ்ஞானியா? அவனை அப்படி யாரும் கேட்கவில்லை. நிதிக்குழு ஒப்புதலுக்குக் காத்திருந்தால் உலோகம் ஆறிப்போயிருக்கும்.

இந்த நுட்பத்தை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் சாரதா ஸ்ரீனிவாசன். உலோகவியலாளர், பரதநாட்டியக் கலைஞரும்கூட. கேரளத்துப் பட்டறைகளில் அதே முறை பிழைத்திருந்ததையும் அவர் பதிவு செய்தார். ஒரே ஆள், இரண்டு துறை. ஒப்பந்தம் இல்லை, விருந்தும் இல்லை.

சரி, நாம் என்ன செய்தோம்?

1876இல் ஜெர்மானியர் ஜாகோர் வந்தார். தோண்டினார். அள்ளினார். பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அப்புறம் ஏறக்குறைய நூறாண்டுத் தூக்கம். 2004இல் மத்தியத் தொல்லியல் துறை விழித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளை எடுத்தது. மறுபடி படுத்துக்கொண்டது. 15 ஆண்டு கடந்தும் முழு அறிக்கை அச்சேறியிருக்கவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையில் குட்டிய பிறகுதான் காலக்கணிப்புக்கு மாதிரிகள் புளோரிடா ஆய்வகத்துக்குப் பறந்தன. கி.மு. 905, கி.மு. 696 என்று 2019இல் விடை வந்தது. மூவாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தவனுக்கு வயது கேட்கவும் வக்கீல் வைக்க வேண்டியிருந்தது.

டெல்லி இந்தப் பழமையை அடக்கி வாசிக்கும். சென்னை இதை மேடையில் முழங்கும். கிண்ணம் செய்தவனின் தொழில் வாரிசுகளைப் பற்றி இரண்டுமே மூச்சுவிடாது. இன்று பித்தளைப் பட்டறையில் கரிக்காசுக்கு அல்லாடுகிறவனை எந்த ஆய்வரங்க மேடையிலாவது பார்த்திருக்கிறீர்களா? வாசலில் விற்பனைக்கு வைத்த குத்துவிளக்கில் வேண்டுமானால் அவன் கைரேகை இருக்கும்.

2020 பட்ஜெட்டில் ஆதிச்சநல்லூருக்கு அருங்காட்சியகம் அறிவித்தார்கள். 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல் நாட்டுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. குழிகளின் மேல் கண்ணாடித் தரையும் போட்டார்கள். மேலே நின்று தாழியோடு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம்.

ரீ எடுத்த வெண்கலத்தைப் பார்க்க வேண்டுமா? எழும்பூருக்கு ரயில் ஏறுங்கள். ஜாகோர் எடுத்ததைப் பார்க்க வேண்டுமா? பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள்.