ரெக்கார்டு பட்டனை அமுக்குங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் மதுரைக்காரர்கள் இரண்டு தேதிகளை விசாரிப்பார்கள். மீனாட்சி கல்யாணம் என்றைக்கு, அழகர் ஆற்றில் இறங்குவது என்றைக்கு. சில வருடங்களாக மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "எந்தச் சேனல்ல லைவ் போடுறாங்க?" சிங்கப்பூரிலிருந்து அத்தை மகளும் துபாயிலிருந்து அண்ணனும் இதைத்தான் கேட்கிறார்கள். லிங்க்கை அனுப்பினால் சந்தோஷம், பார்க்கிறார்கள், கும்பிடுகிறார்கள், மூடிவிடுகிறார்கள். யார் பதிவு செய்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் முதலில் எழும் கேள்வியே அதுதான்.

எண்பதுகளில் எங்கள் வீட்டில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் ஒரே பெட்டியில். திருக்கல்யாணத்தை வானொலியில் நேர்முக வர்ணனையாகச் சொல்வார்கள். ஆடி வீதிப் பந்தலுக்குள் நுழைய முடியாதவர்களுக்கும், வயல்வேலையை விட்டு வர முடியாத உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்து ஜனங்களுக்கும் அந்தக் குரல்தான் கண். அப்பா முதல் நாளே கடைக்குப் போய் சி-90 கேசட் வாங்கி வைத்துவிடுவார். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். மாங்கல்யதாரணம் நடக்கிற நேரத்தில் டேப் தீர்ந்து, கேசட்டைத் திருப்பிப் போடும்படி ஆகிவிடக் கூடாது. அதனால் முகூர்த்த நேரத்தைக் காலண்டரில் பார்த்து, எத்தனை மணிக்கு ஆரம்பித்தால் தாலி கட்டுகிற நேரம் பக்கத்தின் நடுவில் விழும் என்று கணக்குப் போட்டு வைப்பார். நேரம் வந்ததும் ரெக்கார்டு, பிளே இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்குவார். பிறகு வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது.

ஆனாலும் சத்தம் வரத்தான் செய்யும். வர்ணனையாளர் மங்கல நாண் என்று சொன்னதும் அம்மாவும் சித்தியும் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். வளையல் சத்தம் விழும். அப்பத்தா, "தாயே மீனாச்சி" என்று வாய்விட்டுச் சொல்லிவிடும். அந்தக் கேசட்டை இன்று போட்டால், வர்ணனை செய்தவரின் குரலைவிட அப்பத்தாவின் குரலுக்காகத்தான் நாங்கள் காத்திருக்கிறோம். அப்பத்தா பேசி வீட்டில் வேறு பதிவே கிடையாது.

பதிவு முடிந்த கையோடு கேசட்டின் விளிம்பில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் முனையை அப்பா ஸ்க்ரூ டிரைவரால் உடைத்துவிடுவார். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. (சினிமாப் பாட்டுக்காக யாராவது அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.) பிறகு நீல மையில் வருடம், தேதி, என்ன நிகழ்ச்சி என்று அட்டையில் எழுதி டிரங்குப் பெட்டிக்குள் வைப்பார். சித்திரைத் திருவிழாவில் அழகர் வர்ணிப்புப் பாடியவர்கள், கோயில் நாதஸ்வரம், ஊர்ப்பக்கம் விடிய விடிய நடந்த வள்ளி திருமணம் நாடகம் என்று அந்தப் பெட்டிக்குள் ஒரு ஊரே இருந்தது.

தொண்ணூறுகளில் டெக்கு வந்தது. வி.சி.ஆருக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சன் டி.வி. 1993 ஏப்ரல் 14 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் ஊர்க்காரர் சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றம் வீட்டுக்கு வீடு ஓடும். மூன்று மணி நேர வீடியோ கேசட்டில் அதையும் பிடித்து வைத்தோம். கரண்ட் போனால் அத்தோடு சரி. அந்தப் பயம் இருந்ததால்தான் பதிவு செய்கிற நேரத்தில் ஒருவராவது பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது எங்களிடம் இருந்த கருவிகள் எளியவை. எண்ணம் மட்டும் தெளிவாக இருந்தது: இப்போது பிடிக்காவிட்டால் இனிமேல் கிடையாது. 1983 உலகக் கோப்பையில் ஜூன் 18 அன்று, ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 9 ரன்னுக்கு 4 விக்கெட் இழந்து நின்றபோது கபில்தேவ் இறங்கி ஆட்டமிழக்காமல் 175 ரன் அடித்தார். அந்த ஆட்டத்தை யாரும் ஒளிப்பதிவு செய்யவில்லை. ஒரு வாரம் கழித்து நடந்த இறுதிப் போட்டியை இன்றும் பார்க்கலாம். அந்தக் கோப்பைக்கு வழிவிட்ட ஆட்டத்தைப் பார்க்க வழியே கிடையாது. நிலவில் மனிதன் நடந்ததை நேரடியாக அனுப்பிய அப்பல்லோ 11 ஒளிபரப்பின் அசல் டேப்புகளை நாசாவே அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டது. தேடிப் பார்த்துவிட்டு 2009-இல் அதை ஒப்புக்கொண்டது. நமக்குக் கிடைத்தது தொலைக்காட்சி நிலையங்கள் எடுத்துவைத்த பிரதிகள். பெரிய நிறுவனம் வைத்திருக்கும் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இன்றைக்கு வருவோம். 2020 மே 4, கொரோனா ஊரடங்கு. மீனாட்சி திருக்கல்யாணத்தைப் பக்தர்கள் இல்லாமல், சிவாச்சாரியார்கள் மட்டும் இருந்து நடத்தினார்கள். கோயிலின் இணையதளம் வழியாக நேரலை. அழகர் அந்த ஆண்டு வைகைக்கு வரவேயில்லை. அம்மா கைபேசியைச் சாமி படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்து, அதில் பார்த்துக்கொண்டே தாலிக்கயிறு மாற்றினார். மதுரையில் எத்தனையோ வீடுகளில் அன்று காலை நடந்தது இதுதான். மாசி வீதிகள் வெறிச்சென்று கிடக்க, ஊரே வீட்டுக்குள் இருந்து மீனாட்சி கல்யாணம் பார்த்த நாள் அது. அந்த நேரலையைத் தங்கள் வீட்டில் சேமித்து வைத்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. அண்ணன் மகன் சொன்னான், "சித்தப்பா, அதுதான் நெட்டுல இருக்கும்ல?"

இந்த "இருக்கும்ல" என்ற நம்பிக்கைதான் இன்றைய ஆபத்து.

2017 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து அலங்காநல்லூரில் இளைஞர்கள் உட்கார்ந்தார்கள். தமுக்கம் மைதானம் நிறைந்தது. செல்லூர்ப் பக்கம் வைகை ரயில் பாலத்தில் ரயிலை மறித்து நின்றார்கள். ஃபேஸ்புக் லைவ் எல்லாருக்கும் வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. கையில் போன் வைத்திருந்த ஒவ்வொருவரும் அங்கிருந்து நேரலை போட்டார்கள். சோறு பொங்கிக் கொண்டுவந்த அம்மாக்கள், இரவில் போன் விளக்கைத் தூக்கிப் பிடித்த கூட்டம், அவசரச் சட்டம் வந்த பிறகும் எழுந்திருக்க மறுத்தவர்களின் வாக்குவாதம் எல்லாம் அதில் இருந்தன. செய்திச் சேனல்கள் எடுத்தது மேடையை. கூட்டத்துக்குள் இருந்து எடுத்தது இந்தப் போன்கள்தான்.

2025 பிப்ரவரியில் ஃபேஸ்புக் தன் விதியை மாற்றியது. இனி போடும் நேரலைகள் 30 நாள்தான் இருக்கும். பழைய நேரலைகளும் கட்டம் கட்டமாக நீக்கப்படும்; போட்டவருக்குத் தகவல் வந்த பிறகு இறக்கிக்கொள்ள 90 நாள் அவகாசம். கணக்கையே மறந்துபோனவர், பாஸ்வேர்டு தொலைத்தவர், இறந்துபோனவர் போட்ட நேரலையை யார் இறக்குவார்கள்? மதுரையின் அந்த ஒரு வாரத்துக்குச் சாட்சியாக இருந்த படங்களில் எத்தனை இப்படிப் போயிருக்கும் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

யூடியூபும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதில்லை. 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலையைத்தான் அது தானாகச் சேமிக்கும். மேலூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயில் கும்பாபிஷேகத்தை ஒளிப்படக்காரர் ஒருவர் முதல் நாள் மாலை யாகசாலையில் தொடங்கி மறுநாள் மதியம் அன்னதானம் வரை ஒரே நேரலையாக ஓட்டினார். முழுசாகப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் பிற்பாடு பார்க்கலாம் என்றிருந்தவர்களுக்கு முழுப் பதிவு கிடைக்கவில்லை. அவர் தம் கேமராவிலும் தனியாகப் பதிவு செய்திருந்ததால் கலசத்தில் நீர் ஊற்றிய காட்சி தப்பியது. ஜல்லிக்கட்டுக்கும் இதே எச்சரிக்கை. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் காலை முதல் மாலை வரை நேரலை ஓடுகிறது. தன் மாடு வாடிவாசலைத் தாண்டிய சில விநாடிகளுக்காகத்தான் மாட்டுக்காரர் வருடம் முழுக்க உழைக்கிறார். நேரலை போடுகிறவர்கள் இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்துப் போட்டால் அந்த விநாடிகள் தப்பிக்கும்.

நேரலை எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதைப் பிடிப்பதும் சுலபம். முழுப் படமாக அது வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்ற பட்டியலோடு வருகிறது. நம் போன் அவற்றை மல்லிகைச் சரம்போலத் தொடுத்துக் காட்டுகிறது. நேரலை நகர நகரப் பழைய துண்டுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பதிவு செய்யும் மென்பொருள் செய்வது அந்தத் துண்டுகளை உதிரவிடாமல் சேர்த்து வைப்பது, அவ்வளவுதான்.

வழிகள் நான்கு உண்டு. நேரலை போடுகிறவர் நீங்களே என்றால், ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் ஒளிபரப்பும்போதே உங்கள் கணினியிலும் பதிவு செய்யுங்கள். இணையம் விட்டு விட்டு வந்தாலும் கணினியில் இருப்பது முழுசாக இருக்கும். கோப்பு வகையை எம்கேவி என்று வையுங்கள். சாதாரண எம்பி4-இல் பதியும்போது நடுவில் கரண்ட் போனால் மொத்தக் கோப்பும் திறக்காமல் போகலாம். எம்கேவி என்றால் அதுவரை பதிந்தது மிஞ்சும். பிறகு அதே மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

பார்க்கிறவர் என்றால், அதே ஓபிஎஸ் கணினித் திரையை ஒலியோடு பதியும். கணினி தூங்கிப்போகாதபடி அமைப்பை மாற்றி வைக்க வேண்டும். மூன்றாவது வழி போனிலேயே இருக்கிற திரைப்பதிவு. ஆண்ட்ராய்டு 11 முதல் அது போனோடு வருகிறது. தொடங்கும் முன் ஒலி போனுக்குள்ளிருந்து வர வேண்டுமா, மைக்கிலிருந்து வர வேண்டுமா என்று கேட்கும்; உள்ளிருந்து என்று தேர்ந்தெடுங்கள். சார்ஜரைச் செருகி, அழைப்பும் அறிவிப்பும் வராதபடி செய்துவிடுங்கள். நான்காவது, வொய்டி-டிஎல்பி, ஸ்ட்ரீம்லிங்க் போன்ற கருவிகள். அவை துண்டுகளை நேராக வாங்கிச் சேர்ப்பதால் படத் தரம் குறையாது. ஆனால் அனுமதியின்றி இறக்குவதை யூடியூபின் விதிகள் ஏற்பதில்லை. நேரலை போட்டவரிடம் கேட்டுவிட்டுச் செய்வதே முறை. இட வசதிக்கு ஒரு கணக்கு: விநாடிக்கு 2.5 மெகாபிட் வேகத்தில் வரும் நேரலை ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.1 ஜிபி பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல், பிற்பாடு பார்ப்பதற்காக வீட்டில் வி.சி.ஆரில் பதிவு செய்வது குற்றமல்ல என்று சோனி வழக்கில் தீர்ப்பளித்தது. நம் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 39-ஆம் பிரிவும் ஒலிபரப்பு, ஒளிபரப்புகளைத் தம் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்துகொள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. சொந்த உபயோகம் என்பதுதான் எல்லை. பதிவு செய்ததை நம் சேனலில் போட்டுப் பணம் பார்ப்பது திருட்டு. நீதிமன்ற நேரலைகளை அனுமதியின்றிப் பதியவே கூடாது.

பதிந்தால் மட்டும் போதாது. அப்பா அட்டையில் எழுதியதுபோல, கோப்பின் பெயரிலேயே தேதியும் இடமும் நிகழ்ச்சியும் இருக்க வேண்டும். போன் தருகிற எண்வரிசைப் பெயரோடு ஆயிரம் கோப்புகளுக்கு நடுவில் கிடந்தால் அது இருந்தும் இல்லாததுதான். இரண்டு பிரதிகள் வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறொருவர் வீட்டில். டிரங்குப் பெட்டிக் கேசட்டுகளையும் தள்ளிப்போட வேண்டாம். பூஞ்சை பிடித்த டேப் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இன்னும் கொஞ்சம் போகும். வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் அதை நிறுத்திவிட்டது. ஓட்டிப் பார்க்கக் கருவி இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். எங்கள் பெட்டியில் இருந்தவற்றை அண்ணன் மகன் ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். "இருக்கும்ல" என்று சொன்ன அதே பையன்தான். அப்பத்தா குரலைக் கேட்ட நாளிலிருந்து அவன் அப்படிச் சொல்வதில்லை.

2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலோ தமுக்கத்திலோ நின்று நேரலை போட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய கணக்கை இன்றே திறந்து பாருங்கள். இருந்தால் இறக்குங்கள். இல்லாவிட்டால் அலமாரியில் கிடக்கும் பழைய போனையும் மெமரி கார்டையும் தேடுங்கள். கிடைத்ததில் தேதி எழுதி, இரண்டு இடங்களில் வையுங்கள். நம் ஊர் கண்ணால் பார்த்ததை வேறு யாரோ பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். வைக்க வேண்டியவர்கள் நாம்தான்.