லீக்கைப் பெருக்குதல்: பரபக்கமும் சுபக்கமும்

மார்ச் பிறந்ததும் அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் கூடிய குழு ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொள்வார்: “நம்ம லீக்கை இந்த வருஷம் கொஞ்சம் பெரிசாக்கினா என்ன?” ஃபேன்டஸி பேஸ்பால் சாத்திரத்தில் இதைவிட ஆழமான வினா இல்லை. எந்த வீரரை என்ன விலைக்கு வாங்குவது என்பதற்கு ஆண்டுதோறும் நூல்கள் வருகின்றன. லீக் எவ்வளவு பருக்கலாம் என்பதற்குத் தமிழில் ஒரு நூலும் இல்லை. அக்குறையைக் களைய எழுந்ததே இவ்வாய்வு.

முதலில் பொருள் விளக்கம். ஃபேன்டஸி என்றால் நம்மவர்க்கு கிரிக்கெட் செயலியில் பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்து, அன்றிரவே பலன் காண்பது. பேஸ்பாலில் அப்படியன்று. ஏலத்தில் எடுத்த வீரரோடு ஆறு மாதம் குடித்தனம் நடத்தியாக வேண்டும். இதைக் கண்டவர் டேனியல் ஆக்ரென்ட் என்னும் எழுத்தாளர். 1980இல், நண்பர்கள் கூடிப் பேசிய நியூயார்க் உணவகத்தின் பெயரால் ரோட்டிசரி லீக்கைத் தொடங்கினார். ஐபிஎல் ஏலத்துக்கு 28 ஆண்டு மூத்தது அந்த ஏலம். வீரர்கள் மேஜர் லீக்கின் ஒரு பாதியான நேஷனல் லீக்கிலிருந்து மட்டும். மட்டைக்கு நான்கு, பந்துவீச்சுக்கு நான்கு என எட்டே புள்ளிக் கணக்குப் பிரிவுகள், அதுவும் பத்திரிகை பார்த்துக் கையால் போட்ட கணக்கு. வென்றவர் தலையில் யூ-ஹூ என்னும் சாக்லேட் பானத்தைக் கொட்டுவது மரபு. ஆக்ரென்ட் தலையோ கடைசிவரை நனையவில்லை. எளிய விதியிலேயே மூலவர் கதி இது என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது.

இனிப் பரபக்கம், அதாவது எதிர்த்தரப்பு. எட்டுப் பிரிவு போதாது என்றனர் பின்வந்தோர். ஓட்டமும் ஸ்ட்ரைக்அவுட்டும் சேர்ந்து பத்தாயிற்று. பேட்டிங் சராசரியைத் தூக்கிவிட்டு ஆன்-பேஸ் விகிதத்தை வை என்றார் ஒரு சாரார். முன்னிலையைக் கடைசியில் காக்கும் சேவுக்குப் புள்ளி உண்டென்றால், இடையில் காக்கும் ஹோல்டு என்ன பாவம் செய்தது என்றார் மற்றொரு சாரார். வாங்கிய வீரரை அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளும் கீப்பர் முறை வந்தது. அதிலும் திருப்தியடையாதவர்களுக்கு டைனஸ்டி வந்தது. டைனஸ்டி ஆடுபவர் டொமினிகன் குடியரசில் ஒப்பந்தமான பதினாறு வயதுப் பையனை இப்போதே வாங்கிப் போட்டு, அவன் மேஜர் லீக்குக்கு வர ஐந்தாறு வருஷம் காத்திருப்பார். சொந்த மகன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று கேட்டால் சற்று யோசிப்பார்.

அணிகளைக் கூட்டுவதால் வரும் இழுக்கு யாது எனின், கேட்சர் நிரூபணத்தைக் காண்க. மேஜர் லீக்கில் 30 அணிகள். வீசிய பந்தைப் பிடிக்கும் முதன்மைக் கேட்சர் அணிக்கு ஒருவர், ஆக 30. ரோட்டிசரி மரபிலோ ஆளுக்கு இரண்டு கேட்சர் வேண்டும். 12 பேர் ஆடினால் 24 போதும், ஆறு பேர் கையிருப்பு. 15 பேர் என்றால் மிகச்சரியாக 30. யாருக்கும் காயம் படாதவரை. மணிக்கு 95 மைலில் வரும் பந்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருப்பவருக்குக் காயம் படாது என்று நம்புவோருடன் ஆய்வுலகம் வாதிடுவதில்லை. 16 ஆக்கினால் 32 பேர் வேண்டும். அந்த இரண்டு பேர் எங்கிருந்து வருவர்? வாரத்துக்கு இரண்டு நாள் தலைகாட்டி, பத்து முறை மட்டை பிடித்தால் எட்டு முறை அவுட்டாகும் மாற்றுக் கேட்சரைத்தான் எடுக்க வேண்டும். அவர் மட்டை பிடிக்கப் பிடிக்க நம் சராசரி சரியும். காசு கொடுத்து வாங்கிவிட்டு, ஐயா இன்று ஆடாதிருப்பீராக என்று வேண்டிக்கொள்ளும் ஒரே உரிமையாளர் இவர்தாம்.

அஃதேல், விதி பெருகினால் நுட்பம் பெருகுமன்றோ எனின், அற்றன்று. 2018இல் ஷோஹெய் ஓட்டானி வந்தார். பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார். இருக்கிற விதிகளே விழி பிதுங்கின. சில தளங்கள் அவரை மட்டை ஓட்டானி, பந்து ஓட்டானி என இரண்டு ஆளாக்கி வெவ்வேறு பேருக்கு விற்றன. ஆள் ஒருவரே என்ற தளங்களும் உண்டு. துவைத–அத்வைத விவாதம் அங்கே இப்படித்தான் நுழைந்தது. 2024இல், முழங்கை அறுவைசிகிச்சைக்குப் பிறகு, அவர் ஓர் ஆட்டத்திலும் பந்து வீசவில்லை; 54 ஹோம் ரன் அடித்து 59 பேஸ் திருடினார். ஒரே மனிதரால் ஒரு வீட்டில் கல்யாணம், அடுத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

யோசனை யாரிடமிருந்து எழுகிறது என்பதும் ஆராயத்தக்கது. சென்ற ஆண்டு வென்றவர் விதி மாற்றம் கேட்டு நான் கண்டதில்லை. ஏழாவது வந்தவருக்குத்தான் விதியில் குறை தெரியும். மாற்றிய பின் வேலை முழுக்க, லீக்கை நடத்தும் கமிஷனர் தலையில் விழும். சம்பளம் கிடையாது, வசவு உண்டு. பன்னிரண்டைப் பதினாறாக்கப் புதிதாகச் சேர்ந்த நால்வரில் யாராவது ஜூலைக்குள் பின்தங்கிவிட்டால், அப்புறம் அணியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். காயம்பட்டுப் படுத்த வீரர் செப்டம்பர் வரை அவர் அணியில் ஆடிக்கொண்டிருப்பார்.

ஆகவே நம் தரப்பாகிய சுபக்கத்தின் முடிபு: அணி பன்னிரண்டு, கேட்சர் ஒருவர், பிரிவு பத்து. விதி மாற்றம் ஆண்டுக்கு ஒன்று. அதைக் கேட்டவரே அந்த ஆண்டுக் கமிஷனர்.